டாக்டரிடம் வலிக்கிறது என்று சொல்லுங்கள்

நம் பவ்யாவின் நைனாவுக்கு,

திருப்பதி மெடிக்கல் போர்டில் டோக்கன் வாங்க நான் முதல் பஸ்ஸில் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. உட்கார முடியாவிட்டால் நின்றுகொண்டாவது சாப்பிடுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவிடம் கொடுங்கள்.

கம்பெனியிலிருந்து கேசவன் சார் கார் கொண்டு வருவார். ஏறாதீர்கள். என் தம்பி யோகேஷ் ஆட்டோவோடு வருவான்.

போன மாதம் கம்பெனி டாக்டர் "நொப்பி உந்தா?" என்று வலியைப் பற்றிக் கேட்டதற்கு, "பர்லேது சார், ஒண்ணுமில்ல, வேலைக்கு வந்துடறேன்" என்று சிரித்தீர்கள். அது போதாதென்று அவர் தவறவிட்ட பேனாவைக் குனிந்து எடுத்தும் கொடுத்தீர்கள். முதுகில் குறையே இல்லை என்று அவர் எழுதிவிட்டார். வெளியே வந்ததும் ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் உங்களைத் தூக்க வேண்டியிருந்தது.

நேற்று அதைக் கேட்டால், "பெரிய மனுசன் கேக்க சொல்லோ மூஞ்ச தூக்கிவெச்சிக்கினு இருக்க முடியுமா?" என்கிறீர்கள். முடியும்! என்னிடம் தினமும் அப்படித்தானே இருக்கிறீர்கள்.

இன்றும் குறையில்லை என்று எழுதிவிட்டால் நம் நஷ்டஈட்டுக் கேஸ் அவ்வளவுதான். கம்பெனியில் பெட்டி தூக்கும்போதுதான் முதுகு போனது, இப்போது கால் மரத்துப்போகிறது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். யார் பேனா விழுந்தாலும் கிடக்கட்டும்.

காஞ்சனா

இன்னொன்று: குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு முனகுகிறீர்கள். தண்ணீர்த் தொட்டி தினமும் காலி. சத்தமோ எனக்குக் கேட்கத்தான் செய்கிறது. இனிமேல் குழாயை மூடிவிட்டு, என் பக்கத்தில் வந்து முனகுங்கள்.