ஒரு வேர் எதற்கு

சோளக்காடு,
டிசம்பர் 14

அன்புள்ள ஜாஸ்மினுக்கு,

ஷில்லாங் குளிர் எப்படி இருக்கிறது? பையனுக்கு இருமல் நின்றதா? இங்கே மிளகு இந்த வருடம் சுமார்தான். போனில் பேசியிருக்கலாம். குரல் சரியாக வராது என்று எழுதுகிறேன்.

நம் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் இப்போது வெறும் அலமாரிகள்தான் இருக்கின்றன. ஐப்பசி மழையில் மலைச்சாலை வளைவில் மண் சரிந்து, ஐந்து நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்குச் சேந்தமங்கலத்திலிருந்து டீசலும் வரவில்லை. வளர்ப்பு அறை புழுங்கிப்போய், மாகாளிக் கிழங்குக் கன்றுகள் இருந்த நானூறு பாட்டில்களிலும் பூஞ்சை பிடித்துவிட்டது. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு பூஞ்சை பரவாமலிருக்க எல்லாவற்றையும் பெரிய குக்கரில் வேகவைத்துக் கொட்டினோம். கண்ணாயி பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

ஏனென்று உனக்குத் தெரியாது. நீ போன பிறகு, புளியஞ்சோலைப் பக்கச் சரிவில் நின்ற தாய்க்கொடியை வேரோடு தோண்டிக் கொண்டுவரச் சொன்னேன். பாட்டிலில் புதுக் கன்று வளர்க்கத் தண்டு வெட்ட ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் இறங்க வேண்டாமே என்றுதான். கண்ணாயி வீட்டாரைப் போல இங்கே கிழங்கு எடுக்கிறவர்கள் ஒரு வேரையாவது மண்ணில் விட்டு மூடிவிட்டு வருவார்கள். அன்றும் கண்ணாயி, "ஒண்ணையாவது உட்டுட்டு வாங்க மேடம், அதுபாட்டுக்குக் கெடக்கட்டுமுங்க" என்றாள். நானூறு பாட்டில் இருக்கும்போது ஒரு வேர் எதற்கு என்று சிரித்தேன்.

தொட்டிக்கு வந்த கொடி இரண்டே மாதத்தில் காய்ந்தது. மாகாளி வேறு மலைகளிலும் உண்டு. இந்தச் சரிவில் அதுதான் கடைசி. போன வாரம் போய்ப் பார்த்தேன். நான் தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்றது.

ஊர் மாறிப் போகிறவர்களுக்கு நாம் சால்வை போடுவதில்லை, ஒரு பாட்டில் கன்று கொடுப்போம். உனக்குக் கொடுத்தது அந்தத் தாய்க்கொடியின் கன்று. பேருந்தில் நீ அதை மடியில் வைத்திருந்ததைப் பார்த்து, "பச்சப்புள்ளையத் தூக்கிட்டுப் போற மாதிரியில்ல இருக்குது கண்ணு" என்று கண்ணாயி கேலி செய்தாளே. இரண்டு வருடம் ஆகிவிட்டது. உள்ளே ஊட்டம் எப்போதோ தீர்ந்திருக்கும். கன்று கருகியிருக்கும். நீயே தூக்கிப் போட்டிருப்பாய். இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். கண்ணாயியிடம் சொல்லவில்லை; அவளை இன்னொரு முறை நம்பவைக்க எனக்கு முகமில்லை.

பையன் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். அந்தப் பாட்டில் இன்னும் இருந்தால் மூடியைத் திறக்காதே. கணுவில் கடுகளவாவது பச்சை தெரிகிறதா என்று பார்த்து எழுது. ஒன்றும் தெரியாவிட்டாலும் உடனே கழுவிவிடாதே, ஜாஸ்மின்.

உன்
பானுமதி