ஏரி தெரியும் உயரம்

துவைக்கப் போட்ட சட்டையில், மனையை மேடாக்கக் கொட்டும் சவுடு மண்ணின் வாசனை வந்தது. பகலெல்லாம் டிப்பர் லாரி பக்கத்தில் நின்றவனுக்கு வேறென்ன வாசனை வரும் என்று நீ கேட்பாய். பொன்னேரியில் கட்டட ஒப்பந்தக்காரரிடம் எஸ்டிமேட் எழுதிப் பிழைப்பவன் மேல் மல்லிகையா மணக்கும்? ஆனாலும் அந்த ஈர வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். சட்டையை வாளியில் நனைக்க மனம் வரவில்லை. கொடியில் மாட்டிவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

கோட்டைக்குப்பத்தில் நம் மனை தெருவிலிருந்து ஏரிப்பக்கமாகச் சரிந்து இறங்கும். நாலு மூலையிலும் கம்பு நட்டு, ட்யூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்து, தரை வரப்போகும் உயரத்தில் நூல் கட்டினேன். தெருப்பக்கம் அது உன் முழங்காலுக்கு வந்தது, ஏரிப்பக்கம் மார்பளவு. அதன் பிறகு சாயங்காலமெல்லாம் நாம் அந்த நூல்களுக்கு நடுவே நடந்தோம். நூலுக்கு மேலே இருந்த உடம்பு வீட்டுக்குள். கீழே இருந்தது இன்னும் வராத மண்ணுக்குள். வெளிச்சம் மங்கியதும் நூல் மறைந்துபோகும், வீடு மட்டும் இருக்கும். நீ கையை நீட்டி இல்லாத அடுப்பைப் பற்றவைப்பாய். இல்லாத ஸ்விட்சைத் தட்டிவிட்டு, “இன்னாயா, லைட்டு எரியல” என்பாய். கரண்டு கம்பம் அடுத்த தெருவில் இருக்கிறது, அங்கிருந்து ஒயர் இழுக்கிற செலவை எழுதினால்தான் எரியும் என்பேன். “அப்போ எழுதிக்கோ” என்று சிரிப்பாய்.

ஏரிப்பக்க அறை உன் அம்மாவுக்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். அத்தை இறக்கத்துத் தெருவில், தாழ்ந்த ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். எத்தனை தடவை கூப்பிட்டும் நம் வாடகை வீட்டுக்கு வரவில்லை. சொந்த வீடு என்றால் வருவார் என்று நீ நம்பினாய்.

என் கணக்கோ நாளுக்கு நாள் ஏறியது. மண்ணைக் கொட்டினால் மட்டும் போதாது, அது அமுங்கும். அமுங்குவதற்கும் சேர்த்துக் கொட்ட வேண்டும். சரியாமல் இருக்க ஏரிப்பக்கம் கருங்கல் தடுப்புச் சுவர் வேண்டும். தரை உயர்ந்துவிட்டால் தெருக்குழாய்த் தண்ணீர் தானாக மேலே வராது, தொட்டியும் மோட்டாரும் வேண்டும். ஒரு மாலை நான் நூலை அவிழ்த்து ஒரு முழம் கீழே இறக்கிக் கட்டினேன். நாம் மனை வாங்கியதிலிருந்து இங்கே தண்ணீர் வந்ததில்லை, இவ்வளவு உயரம் வீண் என்று உனக்கு விளக்கினேன். “இரு, என்ன தூக்கு” என்றாய்.

உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டேன். நூல் முதலில் இருந்த உயரத்தில் தரை வந்து, அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண் எங்கே இருக்குமோ அங்கே உன் கண் இருந்தது. எதிரே ஐஸ் கம்பெனியின் நீளமான பின்சுவர். கீழே இருந்த எனக்கு அதைத் தவிர எதுவும் தெரியவில்லை.

“ஏரி தெரியுதுய்யா” என்றாய். “படகு ஒண்ணு வருது. அம்மாவ இங்க ஒக்கார வெச்சா போதும், நாளெல்லாம் பாத்துனு இருக்கும்.”

குரல் கனவில் பேசுவதுபோல இருந்தது. இறக்கிய நூலை நான் மறுபடியும் மேலே ஏற்றிக் கட்டினேன்.

அப்புறம் உனக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி. நீ போய் ஒரு வருஷம் கழித்துத்தான் மண் வந்தது. தடுப்புச் சுவர் எழும்பி, மண் நூலைத் தொட்ட அன்று நான் ஏரிப்பக்கம் போய் ஆசையோடு உட்கார்ந்தேன். ஏரி தெரியவில்லை. எழுந்து நின்றேன், அப்போதும் இல்லை. ஐஸ் கம்பெனிச் சுவரும் அதன் மேல் இரண்டு காக்கையும்தான். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று புரியாமல் வெகுநேரம் அங்கேயே இருந்தேன்.

வீட்டுச் சுவர்கள் எழும்பும் முன்பே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்ததால் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் ஏரி ஊருக்குள் ஏறியது. காலையில் அத்தையைத் தேடி ஓடினேன். வீட்டில் முழங்கால் தண்ணீர், அவர் இல்லை. நம் மனைக்கு வந்து பார்த்தால், மண்மேட்டில் தார்ப்பாய் கட்டி, கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தூக்கி வந்து கொடுத்தார்களாம். கீழே தண்ணீர் தடுப்புச் சுவரில் ஏறி நின்றது. நான் இறக்கப் பார்த்த உயரத்தில் தரை இருந்திருந்தால் அந்தத் தண்ணீரில் முழுகியிருக்கும்.

“இங்கேருந்து ஏரி தெரியும்னு சொன்னா அத்தே” என்றேன்.

“எனக்கு தண்ணினா பயம் மாப்ள. சின்னதுல என் தம்பிய வெள்ளத்துல வுட்டுட்டேன். மழ வந்தா கண்ண மூட மாட்டேன். அது அவளுக்குத் தெரியும், அதான் ஒசரம் கேட்டா. நீங்க கணக்கு போடற ஆளாச்சே. தண்ணி வரும்னு சொன்னா, வராதுனு எழுதியே காட்டிடுவீங்களாம். ஏரி தெரியுதுனா ஒண்ணும் எழுத முடியாதுனு சொல்லிச் சொல்லி சிரிச்சா.”

எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். உன் மேல் அவ்வளவு ஆசை, நீ இருந்தபோதுகூட எனக்கு வந்ததில்லை. மழை விடவே இல்லை. சுவரும் கூரையும் இல்லாத தன் அறையில் அத்தை சுருண்டு படுத்துத் தூங்கிப்போனார். காற்றில் தார்ப்பாய் பறக்காமல் நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் ஆரம்பாக்கத்தில் ஒருவர் தன் மனையைக் காட்டி, தரையை ஒரு முழம் இறக்கினால் எவ்வளவு மிச்சம் என்று கேட்டார். “உங்க வீட்ல யாருக்காவது தண்ணியக் கண்டா பயமா?” என்று கேட்டேன். இப்போதெல்லாம் எல்லோரிடமும் இதைக் கேட்டுவிட்டுத்தான் எஸ்டிமேட் எழுத உட்காருகிறேன். இல்லை என்று அவர் உடனே சொல்லிவிட்டார். பிறகு திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார்.