சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே

1913 மே 12, திங்கள்

பங்கா விசிறி இழுப்பவன் இன்றும் வரவில்லை. ஆபீஸ் முழுக்க வியர்த்துக்கொண்டிருந்த வேளையில் நிபாரண் பாபு என் மேஜைக்கு வந்தார். காகிதங்களைப் பார்க்கவில்லை. "கையைக் காட்டு" என்றார். நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நகத்தை வெட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் சணல் கம்பெனியில் எனக்கு உத்யோகம் கிடைத்ததே இந்தக் கைகளால்தான். பி.ஏ. பாஸ் செய்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்பதே சந்தேகம். ஆபீஸில் அவர் தலைமைக் குமாஸ்தா. மைதானத்தில் எங்கள் புட்பால் கிளப்பின் காரியதரிசி. யார் ஆடுவது, எங்கே நிற்பது, எப்போது மூச்சு விடுவது எல்லாம் அவர் தீர்மானம். நான் கோல்கீப்பர். ஆபீஸ் கணக்கில் தற்காலிகக் குமாஸ்தா. யாரை நிரந்தரமாக்குவது என்று துரை செப்டம்பரில் அவரைத்தான் கேட்பார்.

ஜலஜாவுக்குக் கார்த்திகையில் பிரசவம். உத்யோகம் நிலைக்காவிட்டால் கும்பகோணத்தில் மாமனார் வீட்டு மாடியறை காலியாகத்தான் இருக்கிறது. மாமனார் ரொம்ப நல்லவர். அதனால்தான் பயமாக இருக்கிறது.

மே 17, சனி

சீசனின் முதல் மாட்ச். ஜெயித்தோம். ரெஃப்ரீ நிபாரண் பாபுவின் மைத்துனர்.

வழக்கமான வித்தைதான். பந்து என் கைக்கு வந்ததும் அதைத் தரையில் தட்டிக்கொண்டே மைதானத்தின் பாதிவரை ஓடி, அங்கிருந்து உதைக்க வேண்டும். கோல்கீப்பர் தன் பாதி முழுவதும் பந்தைக் கையால் தொடலாம்; தூக்கிக்கொண்டு ஓடத்தான் கூடாது. இதை அவர் இருபது வருஷமாகக் கற்பிக்கிறார். எனக்கும் பிடிக்கும். வேஷ்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, பந்தைத் தட்டியபடி ஓடும்போது ஆபீஸ் கணக்கு ஒன்றும் நினைவில் இருப்பதில்லை. எதிரிகள் திகைத்து நிற்பார்கள். அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் நான் வாரம் முழுக்கச் சணல் கணக்கு எழுதுகிறேன் என்று தோன்றும்.

இடைவேளையில் ஆளுக்குப் பாதி எலுமிச்சம்பழம். வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். நாங்கள் உறிஞ்சும்போது அவர் பேசுவார். பழம் தீரும்போது பேச்சும் தீரும், விசிலும் ஊதும். பதில் சொல்ல யாருக்கும் வாய் காலியாக இருப்பதில்லை. இது தற்செயல் என்று முதல் வருஷம் நினைத்தேன்.

மே 18

விரல் வீங்கியிருக்கிறது. ஜலஜா மஞ்சள் பற்றுப் போட்டாள். புட்பாலைப் பற்றி அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். ஆடாதவர்களுக்கு அதில் அபிப்பிராயம் வேண்டாம் என்றேன். அப்புறம் சாப்பாடு முடியும்வரை அவள் பேசவில்லை. ரசம் கேட்டதற்குக்கூட.

ஜூன் 3, செவ்வாய்

மாடியில் குடியிருக்கும் ராஜாராமன், தான் வேலை பார்க்கும் பாங்கியிலிருந்து இங்கிலீஷ் பேப்பர் கொண்டுவந்தான். எங்கள் பவானிபூர் முழுக்கக் கேட்கும்படி வாசிப்பது அவன் வழக்கம். இன்று வாசித்தது புட்பால் செய்தி. சீமையில் போன வருஷமே சட்டத்தை மாற்றிவிட்டார்களாம். கோல்கீப்பர் இனி கோலுக்கு முன்னால் சுண்ணாம்பு போட்ட கட்டத்துக்குள் மட்டும்தான் பந்தைக் கையால் தொடலாம். வெளியே தொட்டால் எதிரிக்கு ஃப்ரீ கிக்.

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். அதேதான் வந்தது.

ஜூன் 4, புதன்

நிபாரண் பாபுவிடம் சொல்லிப் பார்த்தேன். டிபன் வேளையில், மரியாதையாக, பேப்பரையும் கையில் வைத்துக்கொண்டு.

"ஸார், கோல்கீப்பர் விஷயத்தில் சட்டம் மாறியிருக்கிறது."

"ஆடுகிறவனுக்கு அபிப்பிராயம் கிடையாது" என்றார்.

"இது என் அபிப்பிராயம் இல்லை ஸார். சட்டம்."

"சட்டம் என்று நீ நினைக்கிறாய் அல்லவா? அந்த நினைப்புதான் அபிப்பிராயம்."

பேப்பரை வாங்கி, தயிர்ச் சட்டிக்கு அடியில் விரித்துக்கொண்டார்.

ஜூன் 7, சனி

பெஹாலாவில் மாட்ச். ரெஃப்ரீயாகக் கோட்டையிலிருந்து ஒரு சார்ஜன்ட் வந்திருந்தான். யாருக்கும் மைத்துனன் இல்லை.

பந்து வந்தது. பிடித்தேன். ஓரத்தில் குடையோடு நின்ற நிபாரண் பாபு, "மாத்ராஜி! ஓடு!" என்றார். மெட்ராஸ்காரன் என்பதால் எனக்கு அந்தப் பேர். கோட்டருகில் வந்ததும் கால் தயங்கியது. மறுபடி கத்தினார். கோட்டைத் தாண்டித் தட்டினேன். விசில். ஃப்ரீ கிக். நான் கோலுக்குத் திரும்பி ஓடுவதற்குள் பந்து எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

பிற்பாதியிலும் அதே கூச்சல், அதே ஓட்டம், அதே விசில். இரண்டாம் முறை சார்ஜன்ட் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். 2-0. தெரிந்தே செய்கிறேன் என்று அந்த மனிதனுக்கு எப்படிச் சொல்வது?

ஜூன் 9, திங்கள்

நிபாரண் பாபு ரெஃப்ரீயைக் கண்டித்துக் கம்பெனி காகிதத்தில் மனு எழுதினார். நகல் எடுக்க என்னிடமே கொடுத்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம். எடுத்தேன்.

கானாய் அண்ணன் முறை வைத்து என் காதோடு, "நீ சொல்லு தாதா. எங்கள் எல்லாருக்கும் அதே எண்ணம்தான்" என்றான். கானாய் எங்கள் பேக்; கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவன். எல்லார் எண்ணமும் அவனுக்குத் தெரியும். ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லமாட்டான். "நீயே சொல்லேன், உன் வேலை நிரந்தரம்தானே" என்றேன். தனக்கு வயதான தாயார் இருப்பதாகச் சொன்னான். அவளை எனக்குத் தெரியும். அவன் வீட்டில் எல்லாரையும் அதட்டுகிறவள் அவள்தான்.

ஜூன் 28, சனி

மறுபடி தோல்வி. மறுபடி என்னால். இடைவேளையில் கேட்டுவிடுவது என்று தீர்மானமாக இருந்தேன். வாயில் பழம் இருந்தது. துப்பிவிட்டுப் பேசலாம்தான். பதினோரு பேரும் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் துப்புவது எப்படி இருக்கும்? உறிஞ்சினேன்.

கடைத்தெருவில் யாரோ ஒருவன் கையால் பந்து தட்டுவதுபோல் செய்துகாட்டினான். தெரியாதவன்.

ஜூலை 6, ஞாயிறு

ராத்திரி சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் ஜலஜாவிடம் கொட்டிவிட்டேன். அவள் மோரை ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாவது சொல்லேன்."

"நேக்கென்ன தெரியும். நான் ஆடாதவ."

"பரவாயில்லை, சொல்லு."

"வெளியில வந்து தொட்டாத்தானே ஊதறான்? வராதேங்கோ."

"அவர் வரச்சொல்லிக் கத்துறாரே."

"கத்தறது அவர் வாய். ஓடறது உங்க காலுன்னா."

"உத்யோகம் போயிடும்டீ."

மோர்ப் பாத்திரத்தை மூடினாள். "கும்மாணத்து மாடியறை மழைக்கு ஒழுகும். அதையும் சொல்லிடறேன்" என்றாள். இது எந்தக் கட்சி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஜூலை 19, சனி

ஆபீஸ் கேடயத்துக்கு அரையிறுதி; முந்தைய தோல்விகள் இந்தக் கணக்கில் சேராது. மைதானம் முழுக்கச் சேறு. துரையும் துரைசானியும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதே சார்ஜன்ட்.

முதல் பந்தைப் பிடித்தேன். "ஓடு!" கோட்டுவரை போனேன். நின்றேன். சுண்ணாம்பு மழையில் கரைந்து கால்விரலுக்கு முன்னால் பால்போல் ஓடிக்கொண்டிருந்தது. "ஓடு, மாத்ராஜி!" அங்கேயே நின்றபடி உதைத்துவிட்டேன்.

கூச்சல் நின்றுவிட்டது. அதுதான் பயங்கரம். திரும்பிப் பார்த்தேன். அவர் குடையை மடக்கி மழையில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

இடைவேளையில் எனக்கும் பழம் கொடுத்தார். யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சில்லாமல் பழம் மட்டும் உறிஞ்சுவது எவ்வளவு புளிப்பு என்று இன்றுதான் தெரிந்தது. பிற்பாதியில் மூன்று தடவை ஓடச்சொல்லிக் கையைக் காட்டினார். மூன்று தடவையும் போகவில்லை. கடைசியில் எங்கள் ஆள் ஒருவன் சேற்றில் வழுக்கிவிழ, அவன் முழங்காலில் பந்து பட்டு கோல் விழுந்தது. 1-0. ஜெயித்தோம்.

எல்லாரும் என்னைத் தூக்கினார்கள். கானாய்தான் முதலில் தூக்கினான். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 20

தூங்கவில்லை. என்ன காரியம் செய்துவிட்டேன்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போயிற்று — ஃப்ரீ கிக்தானே — கோல்தானே. வயிற்றில் குழந்தையோடு இவளை அழைத்துக்கொண்டு மெட்ராஸ் ரயில் ஏற வேண்டும். மாமனார் ஒரு வார்த்தை கடிந்துகொள்ள மாட்டார். ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புவார். ஐயோ.

ஜூலை 21, திங்கள்

நிபாரண் பாபு கூப்பிட்டார். நிற்கவைத்தே பேசினார்.

"நான் கத்தினது கேட்டதா?"

"கேட்டது ஸார்."

"கேட்டும் வரவில்லை."

"வரவில்லை."

"அப்படியானால் உனக்கு அபிப்பிராயம் இருக்கிறது."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "இருக்கிறது ஸார்" என்று வந்தது.

வியாதியைக் கண்டுபிடித்த டாக்டர்போல் தலையை ஆட்டினார். "அபிப்பிராயம் இருப்பவன் மைதானத்துக்குள் இருக்கக்கூடாது. மற்றவனுக்கும் ஒட்டிக்கொள்ளும். இனிமேல் நீ கோட்டுக்கு வெளியே, என் பக்கத்தில். உதவிக் காரியதரிசி. கானாய் கோலில் நிற்பான்."

"ஸார், என் உத்யோகம்…"

"எது? குமாஸ்தா உத்யோகமா?" நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "அதற்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்? நீ பி.ஏ. அல்லவா. உன்னை நிரந்தரமாக்கும்படி துரையிடம் நான் ஜூன் மாதமே சொல்லிவிட்டேன்."

ஜூன் மாதமே. மனுவை நகல் எடுத்தேனே, அப்போதேவா? கேட்கவில்லை.

ஜலஜாவிடம் சொன்னதும் அழுதாள், சிரித்தாள், மாஷிமா என்று அவள் கூப்பிடும் கீழ்வீட்டு மாமிக்குச் சொல்ல ஓடினாள். எனக்கும் சந்தோஷம்தான். ராத்திரி கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மடியில் வைத்துப் பார்த்தேன். தலைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். நான் இனிமேல் ஆடமாட்டேன் என்பதை யாரும் துக்கமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 26, சனி

பயிற்சி. நிபாரண் பாபு கானாயைக் கோலில் நிறுத்தி, "கட்டத்தை விட்டு வெளியே வந்தாயானால் காலை ஒடிப்பேன்" என்றார். கோல்கீப்பர் பந்தைத் தட்டிக்கொண்டு மைதானம் முழுக்க ஓடுவது அநாகரிகம் என்று தாம் இருபது வருஷமாகச் சொல்லிவருவதாகவும் சொன்னார்.

கானாய் என்னைப் பார்த்தான். நான் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

இறுதி ஆட்டம். நிபாரண் பாபுவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இடைவேளையில் பழத்தைக் கொடுத்துவிட்டு என்னைப் பேசச்சொல்லிச் சைகை செய்தார். இதற்காக எத்தனை நாள் காத்திருந்தேன்.

"யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்றேன்.

பதினோரு பேரும் உறிஞ்சினார்கள். நான் காத்திருந்தேன். கடைசியில் கானாய் மெல்லக் கையைத் தூக்கினான். "சொல்லு" என்றேன்.

இன்னொரு பாதி கிடைக்குமா என்று கேட்டான். கொடுத்தேன்.

பிற்பாதியில் எதிரி உதைத்த பந்து ஒன்று ஓரக்கோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தது. குனிந்து இரண்டு கையாலும் எடுத்தேன். சேறும் ஈரமுமாக, நல்ல கனம். தரையில் ஒருமுறை தட்டினேன். இன்னொரு முறை தட்டினேன். சார்ஜன்ட் பார்த்துக்கொண்டுதான் நின்றான்; விசில் ஊதவில்லை. பக்கத்தில் நிபாரண் பாபு வராத குரலில், "கொடு" என்றார். மூன்றாவது முறையும் தட்டிவிட்டுக் கொடுத்தேன்.