ரெண்டு எங்கே?

என் ரெண்டுக்கு,

குடியுரிமை நேர்காணலில் தேறிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஹூஸ்டனில் உறுதிமொழி. டேரல் அதற்குள் கேக்குக்குச் சொல்லிவிட்டார்.

எத்தனை பிள்ளைகள் என்று அதிகாரி கேட்டார். டேரலைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது உன்னை மறைத்துத்தான் எழுதிக் கொடுத்தேன். இப்போது மாற்றிச் சொல்லப் பயமாக இருந்தது. இங்கே பிறந்த இருவரை மட்டும் சொன்னேன். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றார். யோசிக்காமல், "மூணு, நாலு" என்றேன்.

டேரல் இத்தனை வருடமாக அவற்றைச் செல்லப்பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த அதிகாரியின் அம்மாவும் வியட்நாம்காரி, நம் கான் தோ ஊர்க்காரி. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நம் பாஷையிலேயே கேட்டார்.

"நம்ம பக்கம் மூத்த பிள்ளையத்தானே ரெண்டுன்னு கூப்பிடுவாங்க? ரெண்டு எங்கம்மா?"

உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

"காய்ச்சல்ல போயிடுச்சு தம்பி, கைக்குழந்தையிலயே" என்றேன்.

"அடடா, மன்னிச்சுக்குங்கம்மா" என்று தண்ணீர் கொடுத்தார். பிறகு அதையும் தாளில் எழுதிக்கொண்டார்.

குடியுரிமை வந்ததும் கூப்பிட்டுக்கொள்வாய்தானே என்று நீ போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, பெற்ற பிள்ளையை அழைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. உயிரோடு இருக்கும் பிள்ளையை.

உன் எண்ணை வேறு யாருக்கும் வைக்காத
உன் அம்மா