வேப்பமரம் வரைக்கும்

மாசி 9, புதன்
காலையிலேயே புழுக்கம். எனக்கு எழுதப் படிக்க வராது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. இப்படிப் பேசி வைப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அண்ணனுக்குக் கஞ்சியும் இறங்கவில்லை. ஒரே பேச்சு. "டேய், என்னை வண்டில ஏத்தி மெயின் ரோடு சுத்தி இட்டுகினு போவாதீங்க. அப்பா போன வழிலயே தூக்கினு போங்க."

சுடுகாட்டுக்குப் போகும் அந்த வழி இப்போது காலனித் தெரு. அன்று இரண்டு பக்கமும் நெல், நடுவில் வேப்பமரம். அதனடியில்தான் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு திருப்பி வைப்போம். மரம் இன்னும் இருக்கிறது, காலனி செக்ரட்டரி வீட்டு வாசலில். பொரியும் பூவும் வாசலில் கிடக்கிறதென்று போன வருஷம் தெருவுக்கே கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

மாசி 11, வெள்ளி
வெயில். முழங்கால் வலி. மாத்திரை தீர்ந்தது.

வார்டு தேர்தலில் நிற்கிற சுமதி, அம்மன் கோயிலில் நம் ஊர்க்காரர்களைக் கூட்டினாள். பால்காரர் மகள். ஆரத்தி, சால்வை, தண்ணீர் பாட்டில். எழுந்து கேட்டேன்.

"கேட்டத் தொறந்து வுட்றேன் சித்தப்பா. மொத வேலையே அதான்."

"அண்ணனுக்குக் கேக்கறியா, உனக்கா?" பின்னாலிருந்து யாரோ. சிரிப்பு. நானும் சிரித்தேன்.

மாசி 12, சனி
மாத்திரை வாங்கப் போனவன் காலனிப் பூங்காவில் நின்றுவிட்டேன். நலச்சங்கக் கூட்டம். நடுவில் சுமதி.

செக்ரட்டரி: "மேடம், ஒரே ரெக்வெஸ்ட். கேட் இருக்கணும். குழந்தைங்க பயப்படறாங்க."

"கேட் இருக்கும் சார். நான் இருக்கேன்ல."

கைதட்டல். என்னைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி மைக்கைக் கொடுத்தாள்.

வீட்டில் அண்ணன், "சுமதி இன்னா சொன்னா?"

"தொறக்கறேன்னு சொன்னா." பொய் இல்லை. ஆனாலும் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை.

மாத்திரை வாங்க மறந்துபோனது.

மாசி 15, செவ்வாய்
விடியலில் அண்ணன் போய்விட்டார்.

மூங்கில், பொரி, பூ, மேளம். எல்லாம் வந்தது. சுமதி மாலையோடு, போட்டோக்காரரோடு. அண்ணன் தூக்கி வளர்த்த பெண். அழுதது நிஜம்தான்.

காலனித் தெருமுனையில் பெண்கள் நின்றார்கள். சுமதியும் நின்றாள். "பொம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாதே சித்தப்பா."

"எங்கப்பா போனப்போ எங்கம்மா வேப்பமரம் வரைக்கும் வந்தாங்க. அங்க திருப்பி வெச்சப்புறம்தான் பொம்பளைங்க திரும்புவாங்க. முனையில நிக்கறது கேட் போட்டப்புறம் வந்த பழக்கம்."

மேளம் நின்றது. சுமதி செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நடந்தாள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் செக்ரட்டரி. "மேடம், சனிக்கிழமை நீங்க சொன்னது?"

இந்தப் பக்கம் நம் ஆட்கள். "அக்கா, வெள்ளிக்கிழமை இன்னா சொன்ன?"

சுமதி கம்பிக்குள் கையை நீட்டினாள். வெகுநேரம் நீட்டியபடியே. சாவி வந்தது.

மரத்தடியில் இறக்கித் திருப்பினோம். அண்ணன் கேட்ட வழிதான்.

சாயங்காலம். குளித்தாயிற்று. தோளில் மூங்கில் பட்ட இடம் எரிகிறது. கேட்டை மறுபடி பூட்டிவிட்டார்களாம். சுமதி போன் எடுக்கவில்லை.

நாளைக் காலை அதே வழியில் போய்ச் சுடுகாட்டில் பால் தெளிக்க வேண்டும். பால் அவள் அப்பாவிடம்தான் சொல்லியிருக்கிறேன். கேட் கிட்ட அவளே கொண்டுவரட்டும் என்று.