ஐநூறு ரூபாய் ஜப்ளா

ஏப்ரல் 9, புதன். திண்டிவனம்

ரோஸ் கலர் கவுனுக்கு என்ன விலை போடுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். அக்கா தன் மகள் ஜெர்லினின் முதல் பிறந்தநாளுக்கு வாங்கியது. கழுத்தில் குத்துகிறது என்று அவள் அழுது மூக்கு ஒழுகி, கேக் வெட்டியதும் நான்தான் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு போடவே இல்லை. அதனால் புதுசு போல இருக்கிறது. பச்சைப் பருத்திச் சட்டையைத் தூங்கும்போதுகூடக் கழற்ற விடமாட்டாள். அது சாயம் போய், அக்குளில் நைந்து கிடக்கிறது.

பிடிக்காத துணிக்கு நல்ல விலை. பிடித்த துணிக்கு விலையே இல்லை. இது சரியா?

ஜெர்லினுக்குப் பத்தாமல் போன துணி எல்லாவற்றையும் பரணிலிருந்து இறக்கி, இந்த ஊர் அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு விற்றுவிடு என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மாமா கம்பெனி பஸ்ஸில் விடியும்முன் போய்விடுவார். பகலில் நானும் ஜெர்லினும்தான். குரூப்பில் போட்டோ போட்டால் போதும், பேச வேண்டாம். அதனால் சரி என்றேன்.

ஏப்ரல் 12, சனி

ஒன்றுமே புரியவில்லை. பூப் போட்ட ஃபிராக், சைஸ் 18, இருபது ரூபாய் என்று போட்டேன். “கறை இருக்கா?” “கிழிஞ்சதா?” “ஏன் இவ்ளோ கம்மி?” என்று கேட்டார்களே தவிர யாரும் வாங்கவில்லை. போட்டோவை அழித்துவிட்டு, அதே ஃபிராக்கைத் தொண்ணூறு என்று போட்டேன். இரண்டு பேர் “எனக்கு, எனக்கு” என்று சண்டை. நல்ல பனியன்களைச் சும்மா தருகிறேன் என்று எழுதினேன். அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

மாமா, “இன்னா மொதலாளி, பிசினஸ் எப்டிப் போய்க்கினு இருக்குது?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 17, வியாழன்

வாங்குகிறவர் யாரோ போன் செய்தார். தலையணைக்கு அடியில் போனை வைத்து, அடங்கும்வரை மேலே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று ஈஸ்டர். மத்தியானம் சாப்பிட்டபின் நான் தூங்கிவிட்டதாக நினைத்து உள்ளே பேசிக்கொண்டார்கள்.

மாமா: “ஜூன்ல புள்ள ஃபுல் டே ஸ்கூலுக்குப் போயிடுவா. அப்புறம் பிரின்சிக்கு இங்க இன்னா வேல?”

அக்கா: “அதத்தான் நானும் யோசிச்சிக்கினு இருக்கேன். அவளும் எத்தன நாளைக்குத்தான் இங்கயே...”

அப்புறம் மிக்சி சத்தம்.

எத்தனை நாளைக்குத்தான் இங்கேயே — என்ன? இருப்பாள் என்றா? கஷ்டப்படுவாள் என்றா? சோறு போடுவது என்றா? அக்கா அப்படிச் சொல்லமாட்டாள். சொல்லமாட்டாளா?

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தேன். திறந்தபோது ஜெர்லின் தவழ ஆரம்பித்திருந்தாள். அக்காவுக்கு லீவு முடிந்திருந்தது. நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. யாரும் போ என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 23, புதன்

மற்ற துணியெல்லாம் போய்விட்டது. பச்சைச் சட்டையை மட்டும் ஜெர்லின் தலையணை உறைக்குள் ஒளித்துவிட்டாள். இனி கடைசிப் பை ஒன்றுதான். பிறந்த குழந்தைத் துணி: ஜப்ளா, குல்லா, கால் உறை. “அதையும் போட்டுடுடி, ஏன் வச்சிக்கினு இருக்க?” என்கிறாள் அக்கா.

அந்தப் பையும் போய்விட்டால் இந்த வீட்டில் சின்னக் குழந்தை என்று எதுவும் இருக்காது. அப்புறம் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்? பை இருந்தால், இன்னொரு குழந்தை வரலாம் என்றாவது இருக்கும். பைத்தியம் மாதிரி எழுதுகிறேன். அப்படித்தான் தோன்றுகிறது.

விற்காமல் இருக்க என்ன வழி? முடியாது என்று அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வராது. மஞ்சள் பூப் போட்ட, கயிறு கட்டுகிற முதல் ஜப்ளாவைப் போட்டோ எடுத்தேன். ஐம்பது என்று அடித்தேன். பின்னால் ஒரு சுழியம் சேர்த்துவிட்டேன். எவள் வாங்குவாள்?

குரூப்பில் எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். “தங்க ஜரிகையா மேடம்?” என்று ஒருவர். பரவாயில்லை.

மே 1, வியாழன்

ஜப்ளாவுக்கு வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கிறது. கூட்டேரிப்பட்டிலிருந்து வெண்ணிலா என்று ஒருவர். “அக்கா, அந்த மஞ்ச பூ ஜப்ளா எனக்கு வேணுங்க. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. ஐநூறுதானே, எடுத்துக்கினு வர்றேன். ஞாயித்துக்கெழம இருப்பீங்களா?”

மூன்று முறை கேட்டேன். விலையைக் குறைக்கக்கூடக் கேட்கவில்லை. என்ன மாதிரி ஆள் இது? இல்லை என்று எழுத விரல் வரவில்லை. “இருப்போம்” என்று எழுதிவிட்டேன். ஏன் எழுதினேன்?

மே 4, ஞாயிறு

வந்தார்கள். அவர் வீட்டுக்காரர் முருகையன் பைக்கோடு வாசலிலேயே நின்றுகொண்டார். வெண்ணிலா அக்காவுக்கு வயிறு பெரிதாக இருந்தது. நான் கதவுக்குப் பின்னால்.

“அக்கா, ஐநூறு ரூபா ஜப்ளா இந்த வீடுதானுங்களே?”

“ஐநூறா?” அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “புதுசு வாங்கினாகூட அவ்ளோ ஆவாதேம்மா. எவ போட்டா இந்த வெலய?”

என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“தெரிஞ்சிதான் வந்தேங்கக்கா,” என்றார் வெண்ணிலா அக்கா. “புள்ள நல்லா வளந்திருக்கும், அதனாலதான் துணிய வுட மனசில்லாம இந்த வெல சொல்றாங்கன்னு நெனச்சேன். பொறந்த புள்ளைக்கு மொத மொதல்ல பழந்துணிதானேக்கா போடணும்? போன வாட்டி நாங்க அத கேக்கல. ஆசயா எல்லாம் புதுசா வாங்கி, பீரோல அடுக்கி வச்சோம். அந்தத் துணி மடிப்புக்கூடக் கலையாம...”

வாசலில் பைக்கின் கண்ணாடியை முருகையன் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெண்ணிலா அக்காவை உட்காரவைத்து அக்கா தண்ணீர் கொடுத்தாள். “இதுக்கெல்லாம் காசு வாங்கக் கூடாதும்மா. புள்ளைக்குப் போட்டுட்டு, தொவச்சித் திருப்பிக் குடுத்துடு. அது போதும்.”

“புள்ளய வளத்த கையால குடுங்கக்கா.”

அக்கா ஜப்ளாவை மடியில் வைத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். அப்புறம் எழுந்து வந்து என் கையில் வைத்தாள்.

“அப்ப இவதான் குடுக்கணும்.”

அதற்குள் ஜெர்லின் ஓடிவந்தாள். “ஏய், அது என்னோடது!”

“ஒனக்கு இது பத்துமாடி?” என்றாள் அக்கா.

“பத்தாது. ஆனா என்னோடது.”

வெண்ணிலா அக்கா சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் வாசலில் இருந்தவரும் சிரித்தார். “ஒன்னக் கேட்டுக்கினுதாம்மா எடுத்துக்கினு போறேன். குடுப்பியா?” ஜெர்லின் கொஞ்சம் யோசித்து, “அழுக்குப் பண்ணாம” என்றாள்.

நான் கொடுத்தேன்.

அவர்கள் போனபின் அக்கா கேட்டாள்: “ஏன்டி, நம்ம புள்ள போட்டுக் கழிச்ச துணிக்கே ஐநூறுன்னா, ஒனக்கு எவ்ளோ போடறது?”

கிண்டலா, கோபமா? சிரித்த மாதிரி இருந்தது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். ஏன் அப்படி விலை போட்டேன் என்று அவள் கேட்கவில்லை. தெரிந்துவிட்டதா?

மே 5, திங்கள்

அக்கா காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஜெர்லினுக்குப் பின்னுவதற்கு முன்பே.

மே 19, திங்கள்

மீதி ஜப்ளாக்களை நாற்பது நாற்பது ரூபாய்க்குப் போட்டேன். அன்றைக்கே போய்விட்டன. பை காலி.

சாயங்காலம் அக்கா, “அம்மாகிட்ட பேசிட்டேன். நீ விழுப்புரம் போயி அம்மா வூட்ல இருந்துக்கினு பத்தாவது பிரைவேட்டா எழுது. டியூஷன் சென்டர் பாத்தாச்சு. காசு மாமா குடுக்கறாராம்” என்றாள்.

நான் இல்லையென்றால் ஜெர்லினுக்கு யார் சோறு ஊட்டுவது என்று கேட்க நினைத்தேன். “அவளே சாப்பிடுவாடி” என்று, நான் கேட்கும் முன்பே சொன்னாள்.

எனக்காகவா அனுப்புகிறாள், வேலை முடிந்துவிட்டது என்றா? இரண்டுமா? அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்த மாதிரி இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வருமா?

ஜூன் 8, ஞாயிறு. விழுப்புரம்

நேற்று வந்தேன். இங்கே என் பழைய யூனிஃபார்ம் ஆணியில் தொங்குகிறது. போட்டுப் பார்த்தேன். தோளிலேயே நின்றுவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

கணக்கு வகுப்பில் என்னைவிடச் சின்னப் பையன்கள். சார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் வாய் திறக்கவில்லை. ஜெர்லின் வீடியோவில் வந்து, தானே சாப்பிட்ட தட்டைக் காட்டினாள். ஓரத்தில் பாதிச் சோறு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

புது நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன்.

“பாப்பா, வெண்ணிலா பேசறேன். ஒங்க தெருமுனைலதான் நிக்கறோம்.”

பெண் குழந்தை. அவர் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. ஒரு பை அவித்த மல்லாட்டைக் கடலையும், இஸ்திரி போட்டு மடித்த ஜப்ளாவும் கொடுத்தார். அறுந்திருந்த ஒரு கயிற்றுக்குப் பதில் நீலக் கயிறு வைத்துத் தைத்திருந்தது.

“இத அக்காகிட்டதானே குடுக்கணும்?” என்றேன்.

“அங்க போய்ட்டுதான் வர்றோம் பாப்பா. ஒங்க அக்கா கையாலகூடத் தொடல. ‘வளத்தவ விழுப்புரத்துல இருக்கா, அவகிட்ட குடு’ன்னுட்டாங்க.”

குழந்தையைத் தூக்கிக்கொள்கிறாயா என்று கேட்டார். தூக்கினேன். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று கைக்கு ஞாபகம் இருந்தது.

அவர்கள் போனபின் ஜப்ளாவைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். விலை எழுதும் இடத்தில் வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு எழுதினேன்: “போட்டுவிட்டுத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும்.”

அதற்குள் ஒருவர், “லாஸ்ட் பிரைஸ் எவ்ளோ சிஸ்?” என்று கேட்டிருக்கிறார். என்ன பதில் போடுவது?