துளையை ஏன் பெரிதாக்கினாய், அக்கா?

அக்கா,

என் மேசைமேல் இரும்பு முளையொன்று கிடக்கிறது. புத்தம் புதியது, எண்ணெய்ப் பூச்சு இன்னும் மணக்கிறது, எள்ளளவும் பயனில்லை. உன் உழுவுந்தோடு, அந்தச் சின்ன டிராக்டரோடு, கலப்பையைப் பிணைத்திருந்த முளை தேய்ந்து முறிந்ததால் நேற்றுக் காலை வாங்கி வந்தேன். துளையில் இட்டால் உரலுக்குள் போட்ட ஊசிபோல் ஆடியது!

ஏன் அப்படிச் செய்தாய்? முளை தேய்ந்தால் உலகத்தார் முளையை மாற்றுவார்கள். நீயோ, ஓய்ந்துபோன விசைத்தறியின் தண்டை அறுத்து, அதன் பருமனுக்கு ஏற்பத் துளையையே குடைந்து பெரிதாக்கினாய்.

பழைய இரும்புக் கடைக் குவியலில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீ துழாவிய நாளில், வெள்ளை வேட்டியோடு வெளியே நின்று முழங்கினேன்: "புதிய உறுப்பு கிடைக்கையில் இந்தத் துருவை ஏன் கட்டி அழுகிறாய்?"

நீ நிமிரவே இல்லை. "ஏலே, மேடையேறுனா பழசைத்தான புகழுத? இங்கன வந்து புதுசு கேக்க!"

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டே ஆடியது. சங்கரன்கோவில் முழுதும் கைதட்டும் மேடைப் பேச்சாளன் நான், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். காத்திருந்த மழை இப்போது வந்தது. எலுமிச்சை வரிசைகளுக்கிடையே ஈரம் காயுமுன் உழுது உளுந்து விதைக்காவிட்டால் இந்தப் பருவம் பாழ். மரங்களுக்கடியில் பெரிய வண்டி நுழையாது. உன் சிறு வண்டியோ முளையின்றி முடங்கிக் கிடந்தது.

"எடைக்குப் போட்டுருங்க மாமா, சனியன் தொலையட்டும்" என்றாள் உன் மகள்.

வெயில் ஏறியது. வேறு வழியின்றி அதே கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, நீங்களுமா?" என்றார் கடைக்காரர்.

பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன். தறித்தண்டொன்று அகப்பட்டது. அறுத்து, அரத்தால் அராவி, உன்னை வைதபடியே சம்மட்டியால் அடித்தேன். இறங்கிற்று. பொழுது சாயுமுன் உழவு முடிந்தது. உளுந்தும் மண்ணுக்குள் போயிற்று.

சினம் தணியவில்லை, அக்கா. இனி இவ்வண்டிக்கு எந்த ஊர்க் கடையிலும் உறுப்பில்லை. எல்லாம் என் தலையில். இன்று குருவிகுளம் கூட்டத்துக்குப் புறப்படுகையில் உன் மகள் என் தோள்பையைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. உள்ளே கைவிட்டு மீதித் தண்டை எடுத்தாள்.

"பேசப் போற எடத்துக்கு இது எதுக்கு மாமா?"

"அடுத்ததும் தேயும்லா? போற வழிக் கடையில இதே கனத்துல ஒண்ணு பாக்கணும்" என்றேன்.